கையில் இருந்த கல்லே ஏமாற்றிய தருணம்: ஜியாலஜி படித்தவர்கள் பகிருங்கள்

கல்லுளிமங்கன்:
சேலம் பக்கம் கஞ்சமலை, எம்.எஸ்சி மேப்பிங் (பாறை வரைபடம் போடுற வேலை). மேக்னடைட் (காந்த இரும்புத் தாது) குவார்ட்சைட் பட்டை மேல பிரண்டனை (ஜியாலஜி திசைகாட்டியை) வெச்சா ஸ்ட்ரைக், அதாவது அடுக்கு கிடைமட்டமாக ஓடும் திசை, 70 பாகை. அதே பட்டையில நாலடி தள்ளி வெச்சா 112. பட்டை என்னவோ நூல் பிடிச்ச மாதிரி நேராத்தான் ஓடுது. இடுப்புச் சுத்தியலைக் கழற்றி தூர வெச்சும் மாற்றமில்லை. பெட்டியைக் கல்லுக்குக் கிட்ட கொண்டு போகப் போக முள் தலைகுனிஞ்சு கண்ணாடியில ஒட்டிக்கிச்சு. அந்தக் குனிஞ்ச முள் இன்னும் கண்ணுக்குள்ளேயே நிக்குது. நோட்டில் இருக்கிற 18 ரீடிங்கில் எதை வைக்கிறது, எதை அடிக்கிறது?

வெள்ளாற்று மணல்:
டெக்லினேஷன் (காந்த வடக்குக்கும் நிஜ வடக்குக்கும் உள்ள வித்தியாசம்) திருத்தம் போடாம விட்டிருப்பீங்க. இல்லேன்னா இதுக்கெல்லாம் இப்போ மொபைல் ஆப் இருக்கே, போனைக் கல் மேல வெச்சா ஸ்ட்ரைக், டிப் (அடுக்கின் சாய்வு) ரெண்டும் ஒரே தட்டில் வந்துடும்.

சாணைத்தூள்:
மணல், ரெண்டுமே தப்பு. சேலம் பக்கம் டெக்லினேஷன் ரெண்டு பாகைக்குள்தான். அதை வெச்சு 42 பாகை வித்தியாசத்தை விளக்க முடியாது. போனுக்குள்ள இருக்கிறதும் காந்த உணரிதான். முள்ளை இழுக்கிற கல் அதையும் இழுக்கும். முள் ஆடினாலாவது கண்ணுக்குத் தெரியும், ஆப் ஒரு பொய் எண்ணை நிதானமாகக் காட்டும். கவரில் காந்த மூடி இருந்தால் கேட்கவே வேண்டாம்.

கல்லுளி, 18 ரீடிங்கையும் அடிக்க வேண்டாம். டிப் எல்லாம் செல்லும். சாய்வு அளக்கும் கிளினோமீட்டர் குமிழ் புவியீர்ப்பில் வேலை செய்வது, மேக்னடைட் அதை ஒன்றும் செய்யாது. ஆனா டிப்பை ஸ்ட்ரைக்குக்கு நேர் செங்குத்தாக எடுத்திருக்கணும். கெட்ட ஸ்ட்ரைக்கை நம்பி திசை வெச்சிருந்தால் கிடைத்தது அப்பேரண்ட் டிப் (தோற்றச் சாய்வு), நிஜத்தைவிடக் குறைவாகத்தான் இருக்கும். பாறைத்தளத்தில் தண்ணீர் ஊற்றி வழிகிற திசையில் எடுத்திருந்தால் கவலையில்லை.

ஸ்ட்ரைக்குக்கு ஜிபிஎஸ். பட்டை நேராக ஓடும் இடத்தில், ஒரே உயரத்தில், 100 மீட்டர் இடைவெளியில் இரண்டு புள்ளி எடுத்து, அவற்றை இணைக்கும் கோட்டின் அஜிமுத்தைக் (வடக்கிலிருந்து அளக்கும் கோணத்தை) கணக்கிடுங்க. ஒவ்வொரு புள்ளியும் 5 மீட்டர் எதிரெதிர்ப் பக்கம் தப்பினாலும் பிழை 6 பாகையைத் தாண்டாது. சோம்பல்பட்டு 20 மீட்டரில் எடுத்தால் அதே தப்பு 26 பாகைக்கு மேல். ஒரே உயரம்னு சொன்னதை விட்டுடாதீங்க. சரிவில் மேலும் கீழுமாக எடுத்தால் கிடைக்கிறது பட்டை வெளித்தெரியும் கோடு, ஸ்ட்ரைக் இல்லை.

உள்ளூர் இழுப்பு இருக்கான்னு முதலிலேயே பார்க்க: முப்பது மீட்டர் தள்ளி ஒரு கம்பு நட்டு பேரிங் (திசைக் கோணம்) எடுங்க, அங்கே போய்த் திரும்பிப் பாருங்க. 180 வித்தியாசம் வரலைன்னா ரெண்டில் ஒரு இடம் கெட்டது. வந்தாலும் அவசரப்படாதீங்க. ரெண்டு இடமும் ஒரே அளவு கெட்டிருந்தாலும் 180தான் வரும், அதனால மூணாவது புள்ளி பட்டைக்கு வெளியே இருக்கணும்.

ஹைப்பர்ஸ்தீன்:
என்னை விடாம உறுத்துறது ஒரு ஸ்லைடு (நுண்ணோக்கியில் பார்க்க மெலிசாத் தேய்ச்ச கல்சீவல்). பல்லாவரம் சார்னோக்கைட் பாறை, டிபார்ட்மென்டில் கையால் தேய்ச்சது. கிராஸ்டு நிக்கலில் (குறுக்கே வெச்ச ரெண்டு துருவமாக்கிக்கு நடுவே) பைராக்ஸீன்ங்கிற கனிமம் பளிச்சுனு நீலம். இரண்டாம் வரிசை (உயர்ந்த குறுக்கீட்டு) நிறம், அப்போ ஆகைட்ங்கிற பைராக்ஸீன் வகைன்னு எழுதியாச்சு. பிறகு ஸ்டேஜைத் (ஸ்லைடு வைக்கும் வட்டத் தட்டை) திருப்பினால், கிளீவேஜ் (கனிமம் பிளக்கும்) கோடு குறுக்குக் கம்பியோடு ஒன்றின அதே நொடியில் கனிமம் மொத்தமும் அணைஞ்சு இருட்டாச்சு. ஆகைட்னா அந்தக் கோணத்தில் அணையாது, நாற்பது பாகை கிட்ட சாய்ந்து அணையணும்.

தப்பு எங்கேன்னா, பக்கத்துக் குவார்ட்ஸ் ஆரஞ்சு நிறத்தில் இருந்ததை யாரும் பார்க்கலை. 0.03 மி.மீ. கனத்தில் குவார்ட்ஸ் சாம்பல் வெள்ளைதான், மீறினால் லேசான வைக்கோல் நிறம். ஆரஞ்சுன்னா கனம் 0.05 கிட்ட. அந்தக் கனத்தில், நேராக அணையும் பைராக்ஸீனான ஹைப்பர்ஸ்தீனும் மஞ்சளிலிருந்து நீலத்துக்கு ஏறிடும். ஸ்லைடை வெச்சதும் குவார்ட்ஸைத் தேடுங்க, மற்றதெல்லாம் பிறகு. அப்புறம் அனலைசரை (மேல் துருவமாக்கியை) வெளியே இழுத்துட்டு திருப்பிப் பாருங்க: இளஞ்சிவப்புக்கும் இளம்பச்சைக்கும் மாறுதா? அப்போ ஹைப்பர்ஸ்தீன். சார்னோக்கைட், கல்கத்தாவில் ஜாப் சார்னாக் (கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி) கல்லறைக் கல்லாக இருந்த பாறை, 1893இல் புவியியலாளர் ஹாலண்ட் சார்னாக் பெயரையே அதுக்கு வைத்தார். கைமாதிரியில் கரும்பச்சை எண்ணெய் மினுக்கு. ஸ்லைடில் அந்தக் கருமை காணாமலே போயிடும், அதுதான் முதல் தடவை பார்க்கிறவங்களைக் குழப்புறது.

சாணைத்தூள்:
தேய்க்கிறதைப் பத்தி யாரும் கேட்கலை, இருந்தாலும். கல்துண்டைச் சூடான தட்டில் நல்லா உலர்த்தாம எபாக்சி பசை போட்டால் ஈரம் குமிழாகும், கடைசி நிமிஷத்தில் அந்தக் குமிழ் மேலதான் கல் பிய்யும். 400ஆம் எண் கார்போரண்டத் தேய்ப்புத் தூளிலேயே மெலிசாக்கணும்னு ஆசைப்படாதீங்க. கடைசிப் பகுதி 1000க்குத்தான், கண்ணாடித் தட்டில் எட்டு போடுற மாதிரி, விரலை நடுவில் வெச்சு. ஓரத்தில் அழுத்தினால் ஆப்பு வடிவம் வரும், ஒரு பக்கம் ஆரஞ்சு, மறுபக்கம் கல்லே இருக்காது. ஒரு தூளிலிருந்து அடுத்ததுக்குப் போகும்போது ஸ்லைடையும் கையையும் கழுவலைன்னா ஒரே ஒரு பெரிய துகள் போதும், கீறல் விழுந்துடும்.

காரைக்காடு:
பெரம்பலூர் பக்கம் காரை பேட்லேண்ட்ஸ் (அரித்துப் பள்ளம் விழுந்த களிமண் நிலம்) பார்த்தவங்களுக்குத் தெரியும், களிமண் முழுக்க ஜிப்சம் பளபளக்கும். அந்த ஜிப்சத் தகடுகளைப் படுகைன்னு (படிவு அடுக்குன்னு) நினைச்சு டிப் எடுத்த நோட்டு ஒண்ணு இருக்கு. பத்து ரீடிங், பத்துத் திசை. ஜிப்சம் விரிசலில் பிறகு வந்து படிஞ்சது, படுகையை வெட்டிக்கிட்டும் போகும். மெலிசான கெட்டி மணல் அடுக்கு, இரும்புக்கறை பட்ட அடுக்கு, இதுகளைத் தேடி எடுக்கணும். அமிலச் சோதனை (நீர்த்த அமிலம் சொட்டி நுரைக்குதான்னு பார்க்கிறது) அங்கே உதவாது, ஜிப்சத்திலும் நுரைச்சுது.

சாணைத்தூள்:
ஜிப்சம் நுரைக்காது. நுரைச்சது மேலே ஒட்டின சுண்ணத் தூசியோ, நொறுங்கின பெலம்னைட் (கடலுயிரி) புதைபடிவமோதான், அது கால்சைட். தண்ணீரில் கழுவி, புதுசா உடைச்ச முகத்தில் சொட்டுங்க. அதுக்கும் முன்னாடி நகத்தால் கீறிப் பாருங்க: ஜிப்சத்தில் கீறல் விழும், கால்சைட்டில் விழாது. அமிலச் செலவே இல்லை. நீர்த்த அமிலம் கலக்கும்போது தண்ணீர் ஒன்பது பங்கை முதலில் ஊற்றி, அதில் அமிலம் ஒரு பங்கு. மாற்றி ஊற்றினால் முகத்தில் தெறிக்கும். சொட்டுப் புட்டியைப் பிரண்டன் இருக்கிற பையில் வைக்காதீங்க. மூடி எவ்வளவு இறுக்கினாலும் ஆவி கசியும், மூணே நாளில் கீல் பச்சை பிடிச்சு இறுகிடும்.