கொல்லிமலைத் தோட்டத்துக்கு ஜிம்னியா, தார் ராக்ஸா?

வணக்கம் நண்பர்களே. கொல்லிமலையில் எங்களுக்குக் காபியும் மிளகும் உள்ள சிறு தோட்டம் இருக்கிறது. தார்ச்சாலையை விட்டு இறங்கினால் ஒன்றரை கிலோமீட்டர் செம்மண் பாதை. போன ஐப்பசியில் பாதி ஏற்றத்தில் கார் நின்றுவிட்டது. முன்சக்கரம் நின்ற இடத்திலேயே சுழன்று சேற்றை வாரியடித்தது. முட்டிவலியோடு அப்பா மீதித் தூரத்தை நடந்தே ஏறினார். இனி அவரை அப்படி நடக்கவிட மனமில்லை. அதனால் நான்கு சக்கரமும் இழுக்கும் (ஃபோர் வீல் டிரைவ்) வண்டி வாங்க நினைக்கிறோம்; மாருதி ஜிம்னியா, மஹிந்திரா தார் ராக்ஸா என்றுதான் குழப்பம்.

ஜிம்னி 1645 மி.மீ. அகலம்தான். எங்கள் ஒடுங்கிய பாதைக்கும், காரவள்ளியிலிருந்து ஏறும் 70 கொண்டை ஊசி வளைவுகளுக்கும் தோதானது. ஆனால் நான்கு பேர் உட்கார்ந்தால் மிளகு மூட்டைக்கு இடமில்லை. 1.5 லிட்டர் பெட்ரோல் இன்ஜின் சுமையோடு திணறுமோ என்றும் பயம்.

தார் ராக்ஸில் ஐந்து பேர் போகலாம். ஃபோர் வீல் டிரைவ் டீசலில்தான் வருகிறது, அதனால் இழுவைக்குக் கவலையில்லை. அகலம் 1870 மி.மீ. எங்கள் வாசல் கல்தூண்களுக்கு நடுவே ஏழடிதான்.

மலைப்பக்கம் இவற்றை ஓட்டுகிறவர்கள் சொல்லுங்கள்: ஆளும் சுமையுமாக ஈரச் செம்மண்ணில் ஜிம்னி ஏறுமா? அப்புறம், முட்டிவலிக்காரர் ஏறி இறங்க எது சுலபம்?