அழித்த கோப்புகள் மீண்டும் தெரிகின்றன, டிஸ்கில் இருந்து அடியோடு நீக்க என்ன வழி?

பனித்துளி:
வணக்கம் நண்பர்களே. என் பழைய லேப்டாப்பை அக்கா மகளுக்குக் கொடுக்கப் போகிறேன். விண்டோஸ் 10, சி, டி என்று இரண்டு டிரைவ். டி-யில் ஸ்கேன் செய்த அடையாள ஆவணங்கள், வங்கிக் கணக்கு அறிக்கைகள், அம்மாவின் மருத்துவ அறிக்கைகள் எல்லாம் இருந்தன. அவற்றை அழித்து, ரீசைக்கிள் பின்னையும் காலி செய்தேன். பிறகு, காலி இடத்தை மேலெழுதித் துடைக்கும் இலவச மென்பொருள் ஒன்றை இரவு முழுக்க ஓடவிட்டேன்.

காலையில் சரிபார்க்கலாம் என்று ஒரு ரெகவரி மென்பொருளைப் போட்டுப் பார்த்தால், அழித்த கோப்புகளின் பெயர்கள் வரிசையாக வருகின்றன. பிடிஎஃப், படங்கள் எதுவும் திறக்கவில்லை, அது சரி. ஆனால் பாஸ்வேர்டுகளைக் குறித்து வைத்திருந்த நோட்பேட் கோப்பு மட்டும் ஓர் எழுத்து விடாமல் அப்படியே திறக்கிறது! பெரிய கோப்பெல்லாம் போய்விட்டது, இத்தனூண்டு கோப்பு எப்படித் தப்பியது? டி-யில் குடும்பப் படங்களும் இருக்கின்றன, அவை அவளுக்கும் வேண்டும். அதனால் ஃபார்மேட் செய்யாமல் ஏதாவது வழி உண்டா?

தும்பி:
முதலில் ஒரு காரியம். அந்த நோட்பேட் கோப்பில் இருந்த பாஸ்வேர்டுகளை எல்லாம் இப்போதே மாற்றிவிடுங்கள், வேறு கருவியில் இருந்து. டிஸ்கை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். மாற்றிவிட்டால் பழைய கோப்பு யார் கையில் கிடைத்தாலும் பயனில்லை.

இனி காரணத்துக்கு வருகிறேன். டிஸ்கில் கோப்புகளை அடுக்கி வைக்க விண்டோஸ் பயன்படுத்தும் என்டிஎஃப்எஸ் அமைப்பில் ஒவ்வொரு கோப்புக்கும் எம்எஃப்டி என்ற அட்டவணையில் ஒரு பதிவு இருக்கும். பொதுவாக அதன் அளவு 1024 பைட். பெயர், தேதி, உள்ளடக்கம் டிஸ்கில் எங்கே இருக்கிறது என்ற விவரம் எல்லாம் அதில்தான். கோப்பை அழிக்கும்போது விண்டோஸ் அந்தப் பதிவில் 'பயன்பாட்டில் இல்லை' என்று குறித்துவிட்டு, அது பிடித்திருந்த இடத்தையும் காலி என்று குறித்துக்கொள்ளும். அவ்வளவுதான். பத்திரத்தில் பெயரை அடித்துவிட்டால் வீடு இடிந்துவிடுமா? உள்ளே இருப்பது அப்படியேதான் இருக்கும்.

நீங்கள் ஓடவிட்ட மென்பொருள் பெரும்பாலும் ஒரு பிரம்மாண்டமான தற்காலிகக் கோப்பை உருவாக்கி, காலியிடம் தீரும்வரை அதை எழுதிக்கொண்டே போயிருக்கும். அதனால் பிடிஎஃப்களின் உள்ளடக்கம் போய்விட்டது. ஆனால் எம்எஃப்டி காலியிடக் கணக்கில் வராது. அது விண்டோஸ் தனக்கென்று வைத்திருக்கும் கோப்பு. அதனால்தான் பெயர்கள் தங்கிவிட்டன.

உங்கள் நோட்பேட் கோப்பு எத்தனை வரி இருக்கும்? பத்து, இருபது வரி என்றால் விஷயம் புரிந்துவிடுகிறது. சுமார் 700 பைட்டுக்குக் குறைவான கோப்புக்கு விண்டோஸ் தனி இடமே ஒதுக்காது. உள்ளடக்கத்தையும் எம்எஃப்டி பதிவுக்குள்ளேயே திணித்துவிடும். காலியிடத்தை எத்தனை தடவை துடைத்தாலும் அதன் மேல் படாது.

இன்னொன்று தெரிய வேண்டும். ஸ்டார்ட் மெனுவில் 'டீஃப்ராக்' என்று தேடினால் டிரைவ்களின் பட்டியல் வரும். அதில் 'மீடியா டைப்' என்ற பத்தியில் சி-க்கு என்ன, டி-க்கு என்ன என்று பார்த்துச் சொல்லுங்கள். அது தெரியாமல் மேற்கொண்டு எதுவும் செய்ய வேண்டாம்.

கருவேலம்:
துடைக்கும் மென்பொருளில் 35 முறை மேலெழுதும் தெரிவு இருக்கும், அதைப் போடுங்கள். ஒரு முறை எழுதினால் ஆய்வகத்தில் மீட்டுவிடுவார்கள் என்று படித்திருக்கிறேன்.

தும்பி:
கருவேலம் ஐயா, அந்த 35 எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் பயம் போய்விடும். நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பீட்டர் கட்மன் 1996-இல் எழுதிய ஆய்வுக் கட்டுரை அது. அன்றைய ஹார்டு டிஸ்குகள் தகவலைக் காந்தப் பரப்பில் பதிய வெவ்வேறு குறிமுறைகளைப் பயன்படுத்தின. எந்தக் குறிமுறையாக இருந்தாலும் ஈடுகொடுக்கும்படி எல்லாவற்றுக்கும் சேர்த்து அவர் கொடுத்த பட்டியல்தான் 35. எந்த ஒரு டிஸ்குக்கும் அத்தனையும் தேவைப்படாது என்று அவரே பின்னர் குறிப்பு எழுதிச் சேர்த்தார். புதிய டிஸ்குகளுக்கு சீரற்ற தகவலைச் சில முறை எழுதினால் போதும் என்பதும் அவர் சொன்னதுதான்.

அமெரிக்க அரசின் தரநிர்ணய நிறுவனமான என்ஐஎஸ்டி 2014-இல் வெளியிட்ட வழிகாட்டி, இன்றைய காந்த டிஸ்குகளில் ஒரே ஒரு முறை மேலெழுதினாலே ஆய்வக முறைகளால்கூட மீட்பது கடினம் என்கிறது. நேரத்தையும் பாருங்கள். 1 டிபி டிஸ்க் விநாடிக்கு 120 எம்பி வேகத்தில் எழுதினால் ஒரு சுற்றுக்கு இரண்டேகால் மணி நேரத்துக்கு மேல். 35 சுற்று என்றால் மூன்று நாளைத் தாண்டும். அப்படி எழுதினாலும் அந்த நோட்பேட் கோப்பு எம்எஃப்டிக்குள் பத்திரமாகத்தான் இருக்கும். எத்தனை தடவை என்பதல்ல, எந்த இடம் விட்டுப்போகிறது என்பதே இங்கே பிரச்சினை.

பனித்துளி:
பாஸ்வேர்டுகளை மாற்றிவிட்டேன் தும்பி அண்ணா. நோட்பேட் கோப்பு பதினைந்து வரிதான் இருந்தது. மீடியா டைப் பார்த்தேன்: சி-க்கு சாலிட் ஸ்டேட் டிரைவ், டி-க்கு ஹார்டு டிஸ்க் டிரைவ். டவுன்லோட்ஸ், டெஸ்க்டாப் எல்லாம் சி-யில்தான், அங்கேயும் ஆவணங்கள் இருந்தன. அதே துடைப்பை சி-க்கும் போடலாமா?

மீள்நினைவு:
வேண்டாம், எஸ்எஸ்டிக்கு (சாலிட் ஸ்டேட் டிரைவுக்கு) அந்த வழி பொருந்தாது.

ஹார்டு டிஸ்கில் ஓர் இடத்தின் மேல் எழுதினால் பொதுவாக அதே இடத்தில்தான் எழுதும். எஸ்எஸ்டியில் ஃபிளாஷ் செல்கள் ஒரே சீராகத் தேய வேண்டும் என்பதற்காக, உள்ளே இருக்கும் கன்ட்ரோலர் ஒவ்வொரு முறையும் வேறு செல்லில் எழுதிவிட்டு, பழையதைப் 'பிறகு துடைக்கலாம்' என்று ஒதுக்கி வைக்கும். விண்டோஸ் கண்ணுக்கே தெரியாத உபரி இடமும் உள்ளே உண்டு. நீங்கள் மேலெழுதியதாக நினைப்பீர்கள், பழையது வேறு மூலையில் கிடக்கும். 2011-இல் சான் டியேகோவில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சில்லுகளை நேரடியாகப் படித்துச் சோதித்தார்கள். தனிக் கோப்பை மேலெழுதி அழிக்கும் எந்த முறையும் எஸ்எஸ்டியில் பலிக்கவில்லை.

நல்ல செய்தியும் உண்டு. விண்டோஸ் 7-இல் இருந்தே ட்ரிம் என்ற வசதி இருக்கிறது. கோப்பை அழித்ததும் 'இந்த இடங்கள் இனி வேண்டாம்' என்று விண்டோஸ் எஸ்எஸ்டியிடம் சொல்லிவிடும். அதன்பின் பெரும்பாலான எஸ்எஸ்டிகளில் அந்த இடத்தைப் படித்தால் வெறும் பூஜ்ஜியம்தான் வரும், சாதாரண ரெகவரி மென்பொருளால் ஒன்றும் செய்ய முடியாது. நீங்கள் பார்த்த அதே டீஃப்ராக் சாளரத்தில் சி-யைத் தேர்ந்தெடுத்து 'ஆப்டிமைஸ்' அழுத்தினால் ட்ரிம் மீண்டும் ஒருமுறை அனுப்பப்படும். ஆனால் தும்பி சொன்ன எம்எஃப்டி சமாச்சாரம் இங்கேயும் உண்டு. சின்னக் கோப்புகள் இருக்கும் எம்எஃப்டி பகுதி பயன்பாட்டில் இருப்பதால் ட்ரிம் அதைத் தொடாது.

வானவில்:
இவ்வளவு மெனக்கெட வேண்டுமா? குயிக் ஃபார்மேட் போட்டுக் கொடுத்துவிடுங்கள். வாங்குவது சொந்தக்காரப் பெண், யார் தோண்டப் போகிறார்கள்?

தும்பி:
அந்தப் பெண் தோண்டமாட்டாள். ஆனால் லேப்டாப் அவளிடமே இருந்துவிடாது. நாளைக்குப் பழுதுபார்க்கப் போகும், பிறகு யாருக்காவது விற்கப்படும். சிம்சன் கார்ஃபிங்கல், அபி ஷெலாட் என்ற இரு ஆய்வாளர்கள் பயன்படுத்திய டிஸ்குகள் 158-ஐ விலைக்கு வாங்கி ஆராய்ந்து 2003-இல் வெளியிட்டார்கள். இயங்கியவை 129. அவற்றில் முறையாகத் துடைக்கப்பட்டிருந்தவை 12 மட்டுமே! மீதியில் கடன் அட்டை எண்கள், மருத்துவத் தகவல்கள் எல்லாம் கிடைத்தன. ஃபார்மேட் செய்த டிஸ்குகளும் அதில் அடக்கம். குயிக் ஃபார்மேட் புதிதாக ஒரு வெற்று அட்டவணையைத் தொடங்கி வைக்கிறது, தகவல் கிடக்கும் இடங்களைத் தொடுவதே இல்லை. இங்கே அம்மாவின் மருத்துவ அறிக்கைகளும் இருக்கின்றன.

பனித்துளி, ஃபார்மேட் வேண்டாம் என்றீர்கள். என் கருத்து நேர் எதிர். கொடுத்துவிடப் போகும் கணினியில் இருப்பதைச் சுற்றிச் சுற்றித் துடைப்பதைவிட, வேண்டியதை வெளியே எடுத்துவிட்டு மொத்தமாக அழிப்பதுதான் எளிது, நம்பகமானது. வெளி ஹார்டு டிஸ்க் ஒன்றில் படங்களை காப்பி செய்யுங்கள். கோப்புகளாகவே காப்பி செய்ய வேண்டும். டிரைவை அப்படியே குளோன் எடுக்கும் மென்பொருள் வேண்டாம், அதில் எம்எஃப்டியும் பழைய எச்சங்களும் கூடவே வந்துவிடும். காப்பி முடிந்ததும் சில படங்களை வெளி டிஸ்கில் இருந்தே திறந்து பாருங்கள். பிறகு டி-யை ஃபார்மேட் செய்யும்போது 'குயிக் ஃபார்மேட்' கட்டத்தில் இருக்கும் டிக்கை எடுத்துவிடுங்கள். விண்டோஸ் விஸ்டாவில் இருந்து முழு ஃபார்மேட் என்றால் டிரைவ் முழுக்கப் பூஜ்ஜியம் எழுதும். பழைய எம்எஃப்டி, நோட்பேட் கோப்பு, பெயர்கள் எல்லாம் ஒரே சுற்றில் போய்விடும்.

சி-க்கு: பயாஸ் மெனுவில் (கணினி ஆன் ஆனதும் விண்டோஸுக்கு முன்பே திறக்கும் அமைப்புத் திரை) 'செக்யூர் எரேஸ்' இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அதுதான் முதல் தேர்வு, ஏனென்றால் உபரி இடம் உட்பட எல்லாவற்றையும் எஸ்எஸ்டியே தன் உள்ளிருந்து அழிக்கும். பிறகு யூஎஸ்பியில் இருந்து விண்டோஸைப் புதிதாக நிறுவலாம். அதைச் செய்யும்போது எந்த டிரைவைத் தேர்ந்தெடுக்கிறீர்கள் என்று இரண்டு தடவை பாருங்கள், வெளி டிஸ்கைக் கழற்றி வையுங்கள். பயாஸில் அது இல்லையென்றால் செட்டிங்ஸில் 'ரீசெட் திஸ் பிசி', 'ரிமூவ் எவ்ரிதிங்' போய், 'சேஞ்ச் செட்டிங்ஸ்' உள்ளே 'க்ளீன் டேட்டா'வை ஆன் செய்யுங்கள். அரசுத் தர நெறிகளுக்கு இது ஈடாகாது என்று மைக்ரோசாஃப்டே சொல்கிறது, ஆனால் வீட்டு உபயோகத்துக்குப் போதும்.

கருவேலம்:
விளக்கத்துக்கு நன்றி தம்பி. கணினியைக் கொடுக்கப் போவதில்லை, ஃபார்மேட்டும் முடியாது, ஒரு சில கோப்புகளை மட்டும் ஒழிக்க வேண்டும் என்றால்?

தும்பி:
ஹார்டு டிஸ்க் என்றால் மைக்ரோசாஃப்டின் சிஸ்இன்டர்னல்ஸ் தொகுப்பில் எஸ்டெலீட் என்ற கருவி இருக்கிறது, இலவசம். இன்னும் அழிக்காத கோப்பை அதன்மூலம் அழித்தால், உள்ளடக்கத்தை மேலெழுதிவிட்டு, பெயரையும் ஏ-யில் தொடங்கி இசட் வரை 26 முறை மாற்றிய பிறகே நீக்கும். ஏற்கெனவே அழித்துவிட்ட கோப்பு என்றால் 'மைனஸ் சி' (-c) தெரிவோடு டிரைவின் பெயரைக் கொடுக்க வேண்டும். காலியிடத்தை நிரப்புவதோடு நிற்காமல், எம்எஃப்டியில் காலியாக இருக்கும் பதிவுகளையும் சின்னச் சின்னக் கோப்புகளால் நிரப்பும். அங்கேதான் மற்ற மென்பொருள் பலவும் கோட்டை விடுகின்றன. ஃபோல்டர் அட்டவணைகளில் பழைய பெயர்கள் ஒன்றிரண்டு மிஞ்சக்கூடும், உள்ளடக்கம் மிஞ்சாது.

அழிப்பதற்கு முன் பிரதிகளைத் தேடுங்கள். சிஸ்டம் ரெஸ்டோரின் நிழல் பிரதிகள், வேர்டு தானாகச் சேமிக்கும் மீட்புக் கோப்புகள், படங்களின் தம்ப்நெயில் சேமிப்பு, கிளவுடில் ஒத்திசைந்த பிரதி, அதன் ரீசைக்கிள் பின், மின்னஞ்சல் இணைப்பு. மூலக் கோப்பை மட்டும் துடைத்துவிட்டு நிம்மதியாக இருப்பவர்கள்தான் அதிகம்.

பனித்துளி:
படங்களை காப்பி செய்துவிட்டேன், திறந்தும் பார்த்தேன். ஆனால் டி-யை ஃபார்மேட் செய்யப் போனால் டிரைவ் பயன்பாட்டில் இருக்கிறது என்று மறுக்கிறது. எல்லாவற்றையும் மூடிவிட்டேனே?

மீள்நினைவு:
பேஜ் ஃபைல் (நினைவகம் போதாதபோது விண்டோஸ் டிஸ்கில் பயன்படுத்தும் கோப்பு) டி-யில் இருக்கிறதா பாருங்கள். சி சின்ன எஸ்எஸ்டியாக இருந்தால் சிலர் அதை டி-க்கு மாற்றி வைப்பது உண்டு. சிஸ்டம் ப்ராபர்ட்டீஸ், அட்வான்ஸ்டு, பெர்ஃபார்மன்ஸ், விர்ச்சுவல் மெமரி. அங்கே டி-க்கு 'நோ பேஜிங் ஃபைல்' என்று வைத்து, 'செட்' அழுத்திவிட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள். நினைவகத்தில் இருந்த தகவலின் துணுக்குகள் பேஜ் ஃபைலிலும் தங்கும், அதனால் அதுவும் அழிய வேண்டியதுதான்.

பனித்துளி:
அதேதான்! ரீஸ்டார்ட் செய்ததும் ஃபார்மேட் ஓடியது, மதியத்துக்குள் முடிந்தது. ரெகவரி மென்பொருளில் ஆழமான ஸ்கேன் போட்டேன், ஒரு பெயர்கூட வரவில்லை. பயாஸில் செக்யூர் எரேஸ் இருந்தது, சி-யையும் முடித்து விண்டோஸ் நிறுவிவிட்டேன். எல்லோருக்கும் மிக்க நன்றி.

கடைசியாக ஒன்று. புது லேப்டாப்பில் இந்தப் பாடு வராமல் இருக்க இப்போதே ஏதாவது செய்ய முடியுமா?

தும்பி:
முடியும். பிட்லாக்கரை (டிஸ்கை மறைகுறியாக்கி, அதாவது சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி மாற்றி வைக்கும் விண்டோஸ் வசதி) ஆன் செய்துவிடுங்கள். ஹோம் பதிப்பாக இருந்தால் 'டிவைஸ் என்க்ரிப்ஷன்' என்ற பெயரில் பல கணினிகளில் இருக்கும். தகவல் டிஸ்கில் இறங்கும்போதே மறைகுறியாக்கப்பட்டு இறங்குவதால், பிற்பாடு சாவியை அழித்துவிட்டால் மிஞ்சுவதை யாராலும் படிக்க முடியாது. எம்எஃப்டியும் அதற்குள் அடக்கம்.

கோப்புகளை ஏற்றுவதற்கு முன்பே ஆன் செய்துவிடுங்கள். ஏற்கெனவே பயன்படுத்திய டிரைவ் என்றால் பிட்லாக்கர் கேட்கும்போது 'பயன்படுத்திய இடம் மட்டும்' வேண்டாம், 'முழு டிரைவ்' என்பதைத் தேர்ந்தெடுங்கள், இல்லையென்றால் முன்பு அழித்தவை வெளிப்படையாகவே கிடக்கும். மீட்புச் சாவியை அதே லேப்டாப்பில் வைக்காமல் தாளில் அச்சிட்டு வேறிடத்தில் வையுங்கள். விண்டோஸ் அதைக் கேட்கும் நேரத்தில் கையில் இல்லையென்றால் உங்கள் கோப்புகளை உங்களாலும் திறக்க முடியாது.