டூலிக் ஆய்வு நிலையத்தில் ஆசிரியருக்கு என்ன வேலை?

அறிவியல்_டீச்சர்
வட அலாஸ்காவில் உள்ள டூலிக் ஆய்வு நிலையத்துக்கு, ஆசிரியர்களைத் துருவ ஆய்வுக் குழுக்களோடு சேர்த்த போலார்ட்ரெக் திட்டத்தின் வழியாகப் பள்ளி ஆசிரியர்கள் சில வாரங்கள் போய்வந்தார்கள். அதை வைத்து ஒன்பதாம் வகுப்புக்கு ஒரு பாடம் தயாரிக்கிறேன். பிள்ளைகளே இல்லாத இடத்தில் ஆசிரியர் நாள் முழுக்க என்ன செய்வார்? உறைநிலம் (அடியில் ஆண்டு முழுக்க உறைந்தே கிடக்கும் மண்) கோடையில் மேலே எவ்வளவு ஆழம் இளகியிருக்கிறது என்று கையாலேயே அளப்பார்களாமே, அதில் எங்கே தப்பு வரும்? வகுப்பில் செய்து காட்ட முடியுமா?

துந்திரா
டீச்சர், பாடம் நடத்துவது அங்கே முதல் வேலை இல்லை. ஆய்வுக் குழுவில் மற்றவர்கள் செய்வதைத்தான் ஆசிரியரும் செய்வார். மதியச் சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு காலையில் களத்துக்குப் போனால் திரும்பச் சாயங்காலம் ஆகிவிடும். அதன் பிறகுதான் ஆசிரியருக்கே உரிய வேலை: அன்றைய குறிப்பை எழுதிப் படத்தோடு வலையேற்றுவது, மாணவர்களின் கேள்விகளுக்குப் பதில் எழுதுவது. மே கடைசியிலிருந்து ஜூலை மூன்றாம் வாரம் வரை அங்கே சூரியன் மறையாது. வெளிச்சத்தை நம்பி உட்கார்ந்தால் நள்ளிரவு தாண்டிவிடும், மணி பார்த்துத்தான் படுக்க வேண்டும்.

களத்துக்குப் போகாத நாளில் செடி பிரிக்கும் வேலை இருக்கும். ஒரு சிறு சதுரத்தில் வெட்டியெடுத்த துந்திராவை (மரமில்லாத துருவநிலச் செடிகொடிப் பரப்பு) இனம் இனமாக, இந்த வருடத் தளிர், பழைய தண்டு, வேர் என்று பிரித்து, உலர்த்தி எடை போடுவார்கள். கையளவு துண்டுக்கே பல மணி நேரம் பிடிக்கும். பிள்ளைகளுக்குப் புரியவைக்க இதைவிட நல்ல வேலை கிடையாது.

கழிவுநீரை லாரியில் ஏற்றி வெளியே கொண்டுபோக வேண்டும். அதனால் வாரத்துக்கு இரண்டே குளியல், தலா இரண்டு நிமிடம். கொசுத் தொல்லை கடுமை. டீட் என்ற வேதிப்பொருள் கலந்த கொசு விரட்டி பிளாஸ்டிக்கை அரிக்கும், கையைத் துடைக்காமல் கருவிகளின் திரையைத் தொடக் கூடாது.

அளவுகோல்
ஆழம் அளக்கும் முறையைச் சொல்கிறேன். சுமார் 1 செ.மீ. விட்டம், 1 மீட்டருக்குச் சற்று அதிக நீளம், மேலே குறுக்குப் பிடி, சென்டிமீட்டர் கோடுகள் உள்ள எஃகுக் கம்பி போதும். நேராகக் குத்தி, உறைந்த மண் தடுக்கும்வரை அழுத்த வேண்டும். உறைநில இளக்கத்தை அளக்கும் கால்ம் என்ற பன்னாட்டுக் கண்காணிப்பு வலையமைப்பில் வழக்கமான கட்டம் 11 × 11, அதாவது 121 புள்ளிகள். புள்ளிக்கு இரண்டு முறை குத்திச் சராசரி எடுப்பார்கள்.

தப்பு பெரும்பாலும் பாசியில்தான் வரும். மேற்பரப்புப் பாசியை விரலால் அமுக்கிவிட்டுக் கம்பியைப் படித்தால் சில சென்டிமீட்டர் குறைந்துவிடும். விரல் பாசியைத் தொட்டால் போதும், அமுக்கக் கூடாது. கம்பி 20 டிகிரி சாய்ந்தால் 50 செ.மீ. ஆழம் 53 என்று காட்டும். கல்லில் பட்டால் ‘டிங்’ என்று கணீரென்ற ஓசை வரும், உறைமண்ணில் மந்தமாக ‘தொம்’ என்று நிற்கும். கல் என்றால் சிறிது தள்ளிக் குத்துங்கள். கம்பி முழுதும் இறங்கிவிட்டால் ‘100’ என்று எழுதாமல் ‘100-க்கு மேல்’ என்று எழுத வேண்டும், இல்லையென்றால் சராசரியே பொய்யாகிவிடும்.

ஈரமான புல்திட்டுத் துந்திராவில் ஆகஸ்ட் கடைசியில் பெரும்பாலும் 30 முதல் 60 செ.மீ. வரை இளகியிருக்கும். ஜூன் அளவை ஆகஸ்ட் அளவோடு ஒப்பிடுவதில் பொருளில்லை, ஜூனில் இளக்கம் பாதியில்தான் இருக்கும்.

மணியடி
களத்திலிருந்து வகுப்போடு நேரலையில் பேசுவது பற்றியும் பாடத்தில் சேருங்கள். ஜூலையில் அமெரிக்கப் பள்ளிகள் விடுமுறையில் இருக்கும், கேட்க வகுப்பே இருக்காது. மே மாதமே மாணவர்களிடம் கேள்விகளை வாங்கி வைத்து, களத்தில் பதிலைப் பதிவு செய்து வைப்பது நல்லது. நியூயார்க்கில் காலை எட்டு மணி என்றால் அலாஸ்காவில் நான்கு மணி, இதைக் கணக்குப் போடாமல் நேரம் குறிக்கக் கூடாது. படங்களை முன்கூட்டியே அனுப்பிவிட்டால் இணைப்பு மெலிந்தாலும் குரல் மட்டும் போய்ச் சேர்ந்தால் போதும்.

அறிவியல்_டீச்சர்
மிக்க நன்றி. வகுப்புச் சோதனை பற்றி யாராவது சொல்லுங்களேன்.

அளவுகோல்
மருந்துக்கடையில் கிடைக்கும் சின்னத் தெர்மாகோல் பெட்டி எடுங்கள். தகரப் பெட்டி வேண்டாம், பக்கவாட்டில் சூடேறி ஓரத்திலிருந்து உருகும். 8 செ.மீ. ஆழம் மணல் போட்டு, மேலே நீர் தேங்காத அளவு நனைத்து, மூடாமல் ஃப்ரீசரில் இரண்டு இரவு வையுங்கள். வெளியே எடுத்ததும் நடுவே அட்டைத் தடுப்பு வைத்து, ஒரு பாதியில் மட்டும் உலர்ந்த தென்னை நார்த்தூள் 2 செ.மீ. பரப்புங்கள். அது பாசிக்கு மாற்று. சைக்கிள் ஸ்போக் கம்பியில் அரை சென்டிமீட்டருக்கு ஒரு கோடு போட்டு, 15 நிமிடத்துக்கு ஒருமுறை இரு பாதியிலும் மூன்று இடங்களில் குத்தி அளக்கச் சொல்லுங்கள். மணலின் மேற்பரப்பிலிருந்துதான் கணக்கு, நார்த்தூள் தடிமனைக் கழிக்க மறந்துவிடுவார்கள்.

இன்னொரு பெட்டியில் நார்த்தூளை நனைத்து, நன்றாக மிதித்த மாதிரி அமுக்கிவிட்டு அதே சோதனையைச் செய்யுங்கள். நார்த்தூளுக்குள் இருந்த காற்று இடைவெளி போனதும் இளக்கம் வேகமாகும். டூலிக்கில் எல்லோரும் பலகைப் பாதையை விட்டு இறங்காமல் நடப்பதற்கான காரணத்தைப் பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும்.