மியூசிக் போன் என்று வாங்கினேன், பழைய போன் மாதிரியேதான் பாடுகிறது. அவசர உதவி

சேலத்துக்காரன்:
பாட்டுக்காகவே செய்த போன் என்று சொன்னதை நம்பி 6,500 ரூபாய்க்குப் பழைய போன் ஒன்று வாங்கினேன். உள்ளே நாலு டாக் (எண்களாக இருக்கும் பாட்டை ஒலியாக மாற்றும் மாற்றி) இருக்கிறதாம், ஸ்டூடியோவில் உட்கார்ந்து கேட்பது போல இருக்குமாம். ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. செட்டிங்கில் அந்த டாக் சுவிட்ச் இருக்கிறது, ஆன் ஆக மறுக்கிறது. மூன்று நாளைக்குள் கொண்டுவந்தால்தான் மாற்றித் தருவேன் என்றார் கடைக்காரர். இன்று இரண்டாவது நாள். தலையில் கட்டிவிட்டாரா?

மொட்டைமாடி:
எந்த போன்? எந்த ஆப்பில் கேட்கிறீர்கள்? ஹெட்போன் என்ன? எதையுமே சொல்லாமல் கேட்டால் எப்படி?

டேப்ரெக்கார்டர்:
ஹெட்போன் குத்தும் ஜாக்கில் தூசி அடைத்திருக்கும். பழைய போன் என்றாலே அதுதான். பல்குச்சியில் கொஞ்சம் பஞ்சு சுற்றி மெதுவாகத் துடைத்துப் பாருங்கள். பத்துப் போனுக்காவது இப்படிச் செய்திருக்கிறேன்.

ஒலிஞானி:
இதே கேள்வி மாதம் ஒருமுறை வருகிறது, தேடிப் பார்க்கத்தான் யாருக்கும் பொறுமை இல்லை. நாலு டாக் என்றால் நாலு மடங்கு சத்தம் என்று நினைத்துக்கொண்டு வாங்குகிறார்கள். ஒரே சில்லுக்குள் நான்கு மாற்றிகள் சேர்ந்து வேலை செய்கின்றன, அவ்வளவுதான். இரைச்சலைக் குறைக்கத்தான் அந்த ஏற்பாடு. நல்ல காது இருந்தால் தெரியும்.

சேலத்துக்காரன்:
எல்ஜி வி30 பிளஸ். ஹெட்போன் நல்லதுதான், 3,000 ரூபாய் கொடுத்து வாங்கியது, அதில் பிரச்சினை இல்லை. பாட்டு எல்லாமே ஃபிளாக், தரம் குறையாமல் சேமிக்கும் கோப்பு வகை.

மொட்டைமாடி:
ஃபிளாக் எங்கே கிடைத்தது?

சேலத்துக்காரன்:
இருந்த எம்பி3 பாட்டுகளை ஓர் ஆப்பில் போட்டு மாற்றினேன். ஒரு பாட்டு 4 எம்பி இருந்தது, இப்போது 30 எம்பி.

ஒலிஞானி:
சக்கையை மறுபடி கட்டுக் கட்டி வைத்தால் அதில் சாறு ஊறிவிடுமா? எம்பி3 ஆக்கும்போது போனது போனதுதான். கார்டில் இடம் அடைத்ததுதான் மிச்சம். சிடியிலிருந்து நேராக எடுத்தால்தான் ஃபிளாக்குக்கு அர்த்தம்.

பழையபஸ்டாண்டு:
இந்த டாக் கூத்தெல்லாம் எதற்கு? 2007இல் வந்த நோக்கியா 5310 என்னிடம் இன்னும் இருக்கிறது. திரைக்குப் பக்கத்திலேயே பாட்டு பட்டன்கள், தலையில் 3.5 ஜாக். சட்டைப் பையில் இருக்கும்போதே தடவிப் பார்த்துப் பாட்டை மாற்றலாம். அதுதான் மியூசிக் போன்.

ஆரஞ்சுமிட்டாய்:
அதற்கும் முன்பே, 2005இல், சோனி எரிக்சன் டபிள்யூ800 வந்துவிட்டது அண்ணே. வாக்மேன் பெயரில் வந்த முதல் போன். 512 எம்பி கார்டு கூடவே கொடுத்தார்கள். பேருந்தில் அந்த ஆரஞ்சு நிறத்தைப் பார்த்தாலே நாலு பேர் திரும்புவார்கள்.

பழையபஸ்டாண்டு:
சார்ஜருக்கும் ஹெட்செட்டுக்கும் ஒரே வாய் வைத்த போன்தானே தம்பி? கார்டும் அவர்கள் கம்பெனி மெமரி ஸ்டிக்தான். மைக்ரோ எஸ்டி ஏறாது. அழகு சோறு போடுமா?

ஆரஞ்சுமிட்டாய்:
சோறு போட்டதோ இல்லையோ, பாட்டு நன்றாகப் போட்டது. உங்கள் 5310இல் 3ஜி இருந்ததா?

பழையபஸ்டாண்டு:
இதிலும் இல்லை, அதிலும் இல்லை. பிறகு எதற்கு அந்தப் பேச்சு? வேண்டுமானால் 2008இல் வந்த நோக்கியா 5800ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ஓரத்தில் இரண்டு ஸ்பீக்கர். ஒன்பது வருடம் கழித்து வந்த வி30க்குக் கீழே ஒரே ஒரு ஸ்பீக்கர். பாட்டுப் போனாம்!

டேப்ரெக்கார்டர்:
ஜாக்கைத் துடைத்தீர்களா?

மொட்டைமாடி:
சண்டையை அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள். சேலத்துக்காரரே, ஒரே ஒரு கேள்வி. உங்கள் ஹெட்போனில் வயர் இருக்கிறதா?

சேலத்துக்காரன்:
இந்தக் காலத்தில் வயர் எதற்கு? கழுத்தில் மாட்டும் புளூடூத்.

மொட்டைமாடி:
அதைத்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும். புளூடூத்தில் போன் வெறும் எண்களைத்தான் அனுப்புகிறது. அவற்றை ஒலியாக மாற்றுவது உங்கள் கழுத்தில் தொங்கும் கருவிக்குள் இருக்கும் குட்டிச் சில்லு. போனில் இருக்கும் டாக் அந்த நேரத்தில் தூங்குகிறது. 3.5 ஜாக்கில் வயர் போட்டால்தான் அது எழும், சுவிட்சும் ஆன் ஆகும். போன்மேல் குற்றமில்லை, கடைக்காரர்மேலும் இல்லை.

இன்னொன்று. மாட்டும் ஹெட்போனின் மின்தடையைப் போன் அளந்து பார்க்கும். 50 ஓமுக்குக் கீழே என்றால் சாதாரண அளவு, அதற்கு மேலே என்றால் கூடுதல் விசை. கடையில் கிடைக்கும் இயர்போன்களில் பெரும்பாலானவை 16 அல்லது 32 ஓம். அதனால் சத்தம் கூரையைப் பிய்த்துக்கொண்டு போகும் என்று எதிர்பார்க்காதீர்கள். தெளிவு கூடும்.

ஆரஞ்சுமிட்டாய்:
ஒரு தந்திரம் உண்டு. முதலில் ஜாக்கில் ஒரு ஹெட்போன் எக்ஸ்டென்ஷன் வயரை மட்டும் குத்துங்கள். வெளி ஆம்ப்ளிஃபையர் வந்துவிட்டது என்று போன் ஏமாந்துவிடும். அப்புறம் அதன் மறுமுனையில் இயர்போனை மாட்டினால் சத்தம் கூடும்.

ஒலிஞானி:
செய்யுங்கள், காது உங்களுடையது. வால்யூமைக் குறைத்து வைத்துவிட்டுச் செய்யுங்கள், அதையாவது கேளுங்கள்.

மொட்டைமாடி:
போனை வைத்துக்கொள்வதா திருப்புவதா என்று யோசித்தால் இதையும் கணக்கில் எடுங்கள். ஆண்ட்ராய்டு 9உடன் அதற்கு அப்டேட் நின்றுவிட்டது. போன் தொழிலை விட்டே விலகுவதாக 2021 ஏப்ரலில் எல்ஜி அறிவித்துவிட்டது. பேட்டரி 3,300 எம்ஏஎச், கழற்ற முடியாத வகை. இத்தனை வருடப் பழைய பேட்டரி எவ்வளவு நேரம் நிற்கிறது என்று இன்றைக்கே பாருங்கள். நானாக இருந்தால் பேங்க் ஆப் எதையும் அதில் போடாமல், பெரிய மெமரி கார்டு ஒன்றைச் செருகிப் பாட்டுப் பெட்டியாக மட்டும் வைத்துக்கொள்வேன். இரண்டாவது போனாக என்றால் சரி. இருக்கும் ஒரே போன் அதுதான் என்றால் வேண்டாம்.

பழையபஸ்டாண்டு:
5310க்கு இன்றும் பேட்டரி கிடைக்கிறது. சும்மா சொல்லி வைக்கிறேன்.

சேலத்துக்காரன்:
தங்கையின் பழைய வயர் இயர்போனை மாட்டினேன். சுவிட்ச் ஆன் ஆனது. தபேலா தனியாகக் கேட்கிறது. திருப்பப் போவதில்லை. நன்றி.

மொட்டைமாடி:
மகிழ்ச்சி. அந்த 30 எம்பி பாட்டுகளை அழித்துவிடுங்கள். பேட்டரி எப்படி?

மொட்டைமாடி:
சேலத்துக்காரரே?

டேப்ரெக்கார்டர்:
இருந்தாலும் ஜாக்கை ஒருமுறை துடைத்துவிடச் சொல்லுங்கள்.