லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் ஒரு நாள்: அம்மம்மாவும் இரு பிள்ளைகளும்

நெய்தல் எழுதியது:

வணக்கம். அடுத்த மாதம் என் அம்மா திருகோணமலையிலிருந்து வந்து எங்களுடன் ஆறு வாரம் தங்கவிருக்கிறார். அவரையும் எங்கள் பிள்ளைகள் இருவரையும் (மகளுக்கு 9 வயது, மகனுக்கு 4) தென் கென்சிங்டனில் உள்ள இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்கு ஒரு நாள் அழைத்துச் செல்ல எண்ணியிருக்கிறோம். அம்மாவுக்கு முழங்கால் வலி உண்டு. கால் மணி நேரத்துக்கு மேல் நிற்க முடியாது. ஆங்கிலம் பேசினால் ஓரளவு புரிந்துகொள்வார், வாசிப்பது கடினம்.

சென்ற ஆண்டு வேறொரு நகரத்தில் இதே போன்ற ஒரு நூதனசாலைக்குப் போனபோது, எல்லா அறைகளையும் பார்த்துவிட வேண்டும் என்று நான் எல்லோரையும் விரட்டிக்கொண்டே இருந்தேன். மூன்றாவது அறையிலேயே மகன் தரையில் அமர்ந்து அழத் தொடங்கினான். புதைபடிவ முட்டைகள் இருந்த ஒரு கூட்டின் முன் இன்னும் சற்று நேரம் நிற்கிறேன் என்று கேட்ட மகளை நான் கையைப் பிடித்து இழுத்துச் சென்றதை அவள் இன்றும் சொல்லிக் காட்டுகிறாள். அந்தத் தவறை இன்னொரு முறை செய்ய மனமில்லை.

எதைப் பார்ப்பது, எதை விடுவது? அதைவிட முக்கியமாக, நாங்கள் பிள்ளைகளுடன் சுற்றித் திரிய, அம்மா ஒரு வாங்கில் பைகளுக்குக் காவலாக உட்கார்ந்திருக்கும் நாளாக அது முடிந்துவிடாமல் இருக்க என்ன செய்யலாம்? அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.

வடலி எழுதியது:

வணக்கம் சகோதரி. அனுமதி இலவசம்தான் என்றாலும், முன்கூட்டியே இணையத்தில் நேரம் குறித்த சீட்டைப் பதிவு செய்துகொள்ளுங்கள். காலை 10 மணிக்குத் திறப்பார்கள். பாடசாலை விடுமுறை நாட்களைத் தவிர்க்க முடிந்தால் கட்டாயம் தவிர்த்துவிடுங்கள். டைனோசர் பகுதிக்கு வெளியே நிற்கும் வரிசையை உங்கள் அம்மாவின் கால்கள் தாங்காது.

தென் கென்சிங்டன் சுரங்க ரயில் நிலையத்தில் படிகள் அதிகம் என்பதால் பேருந்திலோ வாடகைக் காரிலோ போவது நல்லது. எக்ஸிபிஷன் வீதிப் பக்கத்து வாசலில் படி ஏறாமலே உள்ளே போகலாம். அங்கே சக்கர நாற்காலியும் இரவலாகக் கிடைக்கும். எங்கள் மாமியார் முதலில் வேண்டாம் என்று மறுத்தவர், பிறகு அதில் உட்கார்ந்ததால்தான் மாலை வரை எங்களோடு இருந்தார். கட்டிக்கொண்டு போகும் சாப்பாட்டை உட்கார்ந்து சாப்பிட இடம் இருக்கிறது. நாங்கள் இடியப்பமும் சம்பலும் கொண்டு போனோம்.

என் ஆலோசனை, டைனோசர்களை முதலில் முடித்துவிடுங்கள் என்பதே. நான்கு வயதுப் பிள்ளைக்கு அசைந்து உறுமும் டிரனோசாரஸைக் காட்டாமல் மற்ற எதைக் காட்டினாலும் மனம் அதிலேயே இருக்கும். ஆனால் அந்த இடம் இருட்டாகவும் சத்தமாகவும் இருக்கும்; உங்கள் மகன் பயந்த சுபாவம் உள்ளவனானால் வீட்டிலேயே சொல்லித் தயார்படுத்துங்கள்.

கல்மரம் எழுதியது:

வடலி சொன்ன பயணக் குறிப்புகள் அனைத்தும் சரியானவை. டைனோசர்களை முதலில் பார்க்கச் சொல்வதில்தான் எனக்கு உடன்பாடில்லை. உங்கள் அம்மா திருகோணமலையிலிருந்து வருகிறார் என்பதால், அந்த நாளைத் திமிங்கிலத்திலிருந்து தொடங்க வேண்டும் என்று அழுத்தமாகச் சொல்வேன்.

நடு மண்டபத்தின் கூரையிலிருந்து தொங்குவது 25.2 மீட்டர் நீளமுள்ள ஒரு நீலத் திமிங்கிலத்தின் எலும்புக்கூடு. 1891-இல் அயர்லாந்தின் வெக்ஸ்போர்டில் மணல்திட்டில் கரையொதுங்கிய விலங்கு அது. பல்லாண்டுகள் வேறொரு கூடத்தில் இருந்த அதனை 2017-இல் நடு மண்டபத்துக்குக் கொண்டுவந்து, வாயைத் திறந்தபடி இரை நோக்கிப் பாயும் நிலையில் பொருத்தி, 'ஹோப்' என்று பெயரிட்டார்கள். கீழே நின்று அண்ணாந்து பார்ப்பதோடு நிறுத்தாமல், மின்தூக்கியில் முதல் மாடிக்குச் சென்று மாடத்தில் நில்லுங்கள். அங்கிருந்து அதன் துடுப்பைப் பாருங்கள்: நம் கையில் இருப்பதைப் போலவே மேற்கை எலும்பு, முன்கை எலும்புகள், அவற்றுக்கு அப்பால் வரிசையாக விரல் எலும்புகள். மகளிடம் அவளுடைய கையை நீட்டி ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். இவ்வளவு பெரிய உடல், கூனி இறாலைப் போன்ற கிரில் என்னும் சிற்றுயிர்களை உண்டே வளர்ந்தது என்பதை உங்கள் அம்மா சொன்னால் பிள்ளைகள் நம்புவார்கள். கூனி என்றால் என்னவென்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

திருகோணமலைக் கடலில் இன்றும் நீலத் திமிங்கிலங்கள் வருகின்றன. கோணேசர் கோயில் நிற்கும் பாறையிலிருந்தே அவற்றைக் கண்டவர்கள் உண்டு. உங்கள் அம்மா கண்டிருக்கிறாரா என்று கேளுங்கள். கண்டிருந்தால், அந்த மண்டபத்தில் நிற்பவர்களுள் அந்த விலங்கைப் பற்றிக் கேட்கத் தக்கவர் அவர்தான்.

அதே மண்டபத்தின் மேல் தளத்தில், கலிஃபோர்னியாவில் 1893-இல் வெட்டப்பட்ட ராட்சத செக்கோயா மரத்தின் குறுக்குவெட்டு ஒன்று இருக்கிறது. அதன் வளையங்கள் சுமார் 1,300 ஆண்டுகளைக் காட்டுகின்றன. அதாவது ஆறாம் நூற்றாண்டில் முளைத்த மரம். ஏழாம் நூற்றாண்டில் ஞானசம்பந்தர் கோணமாமலை மீது பதிகம் பாடியபோது அது நூறு வயதளவே ஆன இளமரம். நடுவிலிருந்து சில அங்குலம் தள்ளி விரலால் சுட்டி, 'இந்த வளையத்தில் நம் ஊர்க் கோயிலைப் பாடினார்கள்' என்று சொல்லிப் பாருங்கள். பலகையில் எழுதியிருக்கும் ஐரோப்பியச் சம்பவங்களைவிட அது உங்கள் வீட்டாருக்கு நெருக்கமாக இருக்கும்.

சிறியவனுக்கு ஒரு வேலை: மண்டபத்தின் வளைவுகளில் சுடுமண் குரங்குகள் ஏறிக்கொண்டிருக்கின்றன. அவற்றை எண்ணச் சொல்லுங்கள். 1881-இல் திறக்கப்பட்ட இந்தக் கட்டடத்தின் மேற்குச் சிறகில் வாழும் உயிரினங்களையும் கிழக்குச் சிறகில் அழிந்த உயிரினங்களையும் சிற்பமாக வைத்திருக்கிறார்கள்; சுவரே ஒரு காட்சிக்கூடம்.

தூயமல்லி எழுதியது:

ஒரு விஷயம் மட்டும். எரிமலை, நிலநடுக்கப் பகுதியில் 1995-ஆம் ஆண்டின் கோபே நிலநடுக்கத்தை உணர்த்தும் வகையில், ஜப்பானியப் பல்பொருள் அங்காடியைப் போல் அமைத்த ஓர் அறை உண்டு. அதன் தரை குலுங்கும். பிள்ளைகள் விரும்பி ஓடுவார்கள். 2004 ஆழிப்பேரலையை உங்கள் அம்மா ஊரிலிருந்தே கண்டவராக இருந்தால், அங்கே என்ன நடக்கும் என்பதை முன்பே சொல்லி அவர் விருப்பத்தைக் கேளுங்கள். அந்த ஆண்டு மட்டக்களப்பில் இருந்த என் பெரியம்மாவை நான் சொல்லாமல் அழைத்துச் சென்றுவிட்டேன். அன்று முழுவதும் அவர் பேசவேயில்லை. அதை நினைத்தால் இன்றும் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

மகளுக்கு, கடல்வாழ் ஊர்வனவற்றின் புதைபடிவங்கள் வரிசையாகப் பொருத்தப்பட்ட நடைபாதையைத் தவறவிடாதீர்கள். மேரி ஆனிங் என்ற ஏழைத் தச்சரின் மகள் லைம் ரீஜிஸ் கடற்கரைப் பாறைகளில் தோண்டி எடுத்தவை அங்கே இருக்கின்றன. தமையனுடன் இக்தியோசாரஸ் என்ற அழிந்துபோன கடல் ஊர்வன ஒன்றின் எலும்புக்கூட்டை வெளிக்கொணர்ந்தபோது அவளுக்கு 12 வயதளவு. உங்கள் மகளைவிட மூன்றே வயது மூத்தவள்.

நெய்தல் எழுதியது:

பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. கடந்த செவ்வாய்க்கிழமை, மகளுக்கு மட்டும் பாடசாலையில் ஆசிரியர் பயிற்சி நாள் விடுமுறையாக இருந்ததால், போய்வந்தோம்.

கல்மரம் சொன்னபடி திமிங்கிலத்தில் தொடங்கினோம். மாடத்தில் சக்கர நாற்காலியை நிறுத்தியதும் அம்மா நீண்ட நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, தான் சிறுமியாக இருந்தபோது கோயில் பாறையில் தன் தகப்பனார் தோளில் ஏற்றிக் காட்டிய நீர்ப்பீச்சைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். இந்தக் கதையை நானே அன்றுதான் முதன்முறையாகக் கேட்டேன். அருகில் நின்ற வேறு இரு பிள்ளைகளும், மொழி புரியாவிட்டாலும், அவர் கை காட்டிய திசையையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒன்றரை மணி நேரம் அந்த மண்டபத்திலேயே போனது. மகன் 31 குரங்குகள் வரை எண்ணினான். மர வளையத்தில் சம்பந்தர் காலத்தை நானும் மகளும் தோராயமாக அளந்து காட்டியபோது, அம்மா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மீண்டும் ஒருமுறை காட்டச் சொன்னார்.

நிலநடுக்க அறையைப் பற்றி முன்பே சொன்னேன். வேண்டாம் என்றார், நானும் அவருடன் வெளியில் இருந்தேன். தூயமல்லி, உங்களுக்கு நான் தனியாக நன்றி சொல்ல வேண்டும். டைனோசர்களை மதியத்துக்குப் பிறகு, பாடசாலைக் கூட்டம் கலைந்த பின் பார்த்தோம். மகன் டிரனோசாரஸின் முன் என் கணவரின் காலைக் கட்டிக்கொண்டு நின்றான், ஆனால் அழவில்லை. பறவைகள், கனிமங்கள் எதையும் பார்க்கவில்லை.

மகள் மேரி ஆனிங்கை விட்டு வர மறுத்தாள். இந்த முறை நான் இழுக்கவில்லை. இப்போது லைம் ரீஜிஸுக்குப் போக வேண்டும் என்கிறாள். பிள்ளைகளுடன் அங்கே சென்றவர்கள் இருந்தால், வற்றுப் பெருக்கு நேரத்தை எப்படிக் கணித்துப் போவது, பாறைச் சரிவுகளுக்கு எவ்வளவு தள்ளி நிற்பது என்பதை எழுதுங்கள். அம்மா ஊர் திரும்ப இன்னும் மூன்று வாரம் இருக்கிறது.