நொறுங்கிய எலும்புக்கு ஸ்க்ரூவா, பசையா? உங்கள் அனுபவம் சொல்லுங்கள்

திசையன்விளைக்காரர்:

அப்பா பனையேறி. பதநீர்ப் பருவத்தில் மரத்திலிருந்து விழுந்தார். காலூன்றி விழுந்ததால் தலை தப்பியது, குதிகால் எலும்பு நொறுங்கிவிட்டது. தேரிக்காட்டுப் பக்கம் எந்தப் பனையேறி வீட்டைக் கேட்டாலும் இப்படி ஒரு குதிகால் கதை இருக்கும்.

பக்கத்து வீட்டு அண்ணாச்சி கட்டு வைத்தியரிடம் போகச் சொன்னார். முட்டை வெள்ளைக்கருவும் உளுந்து மாவும் குழைத்துப் பத்துப் போட்டு, மூங்கில் பத்தை வைத்துக் கட்டுவார்கள். ஒரே கோடாக விரிசல் விட்ட எலும்பு அப்படிக் கூடியதை நானே பார்த்திருக்கிறேன். ஆனால் அப்பாவுக்கு மூட்டுப் பரப்பே உள்ளே அமுங்கியிருந்தது. பாளையங்கோட்டையில் பிளேட் வைத்தார்கள். ஸ்கேன் படத்தைக் காட்டி டாக்டர் சொன்னார்: "பெரிய துண்டுகளை ஸ்க்ரூ பிடிச்சுக்கும். இந்த உளுந்தம்பருப்பு அளவுத் துண்டுகளில் துளை போட்டால் அதுவே ரெண்டாப் போயிரும்." குதிகாலின் வெளிப்பக்கம் தோல் மெல்லியது, அடியில் சதையும் கிடையாது. பிளேட்டின் மேல் போட்ட தையல் ஆற வெகுநாள் ஆயிற்று, சர்க்கரை வேறு. அதில் நாங்கள் பட்ட பாட்டில்தான் எலும்புப் பசை பற்றித் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். யாருக்காவது இதில் அனுபவம் உண்டா?

ஓய்வுபெற்ற தியேட்டர் நர்ஸ், மேலப்பாளையம்:

தம்பி, 'எலும்பு சிமென்ட்' என்று ஒன்றை நாங்கள் தினமும் குழைத்திருக்கிறோம். பொடியும் திரவமும் கலந்தால் நெடி மூக்கைத் துளைக்கும், சில நிமிடத்தில் சூடேறி இறுகும். இங்கிலாந்தில் ஜான் சார்ன்லி 1960 வாக்கில் இடுப்பு மூட்டு மாற்றத்துக்குக் கொண்டுவந்தது. பலரும் அதைப் பசை என்று நினைக்கிறார்கள். அது ஒட்டாது, இடுக்கெல்லாம் நிறைந்து இறுகி நிற்கும், அவ்வளவுதான். முறிந்த இரண்டு முனைக்கு நடுவே அதை வைத்தால் எலும்பு வளர வழியே இருக்காது.

இதுதான் விஷயத்தின் முடிச்சு. துண்டை நகராமல் பிடிக்கவும் வேண்டும், எலும்பு வளர வளர இடம் விட்டு விலகவும் வேண்டும். 1950களின் கடைசியில் அமெரிக்காவில் பாலியூரிதேன் பசை ஊற்றிப் பார்த்தார்கள். கிருமித் தொற்றும், கூடாத எலும்பும் மிச்சம். கைவிட்டார்கள். கடையில் விற்கிற பசையை எலும்பில் பயன்படுத்தலாமா என்று கேட்பவர்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன், கூடவே கூடாது.

வயதானவர்களை நினைத்தால் எனக்குப் பசை சீக்கிரம் வர வேண்டும் என்றுதான் இருக்கிறது. எலும்பு தேய்ந்த பாட்டிமாருக்கு ஸ்க்ரூவைத் திருகும்போதே பிடிமானம் இல்லாமல் சுற்றும். டாக்டர் முகம் மாறுவதைப் பக்கத்தில் நின்று பார்த்தவள் நான்.

பல் லேப் தொழிலாளி, தென்காசி:

அக்கா சொன்ன சிமென்ட்டும் நாங்கள் பல்செட்டுக்கு எடுக்கிற அக்ரிலிக்கும் ஒரே குடும்பம். ஸ்வீடனில் கே.டி.எச். பல்கலைக்கழகத்தில் மைக்கேல் மால்கோக் குழு 2018இல் வெளியிட்ட எலும்புப் பட்டையும் பல் அடைக்கிற முறையில் பிறந்ததுதான். முதலில் எலும்பில் ஒரு பூச்சு, மேலே பிசினும் நாரும் அடுக்கடுக்காக, அப்புறம் விளக்கு ஒளி காட்டி இறுக வைப்பது. பின்னால் வந்த வடிவத்தைக் கைவிரல் எலும்புக்கு ஏற்றபடி அந்த இடத்திலேயே வளைத்துக்கொள்ளலாம் என்கிறார்கள். விரலில் உலோகத் தகடு வைத்தால் தசைநார் அதில் ஒட்டிக்கொண்டு மடக்க முடியாமல் போகும், அந்தத் தொல்லை இதில் குறைவாம்.

பல் டாக்டர் பஞ்சு வைத்து எச்சிலை ஒற்றி எடுப்பது எதற்கு? ஈரம் பட்டால் பிடிக்காது. வாயிலேயே இவ்வளவு பாடு என்றால், ரத்தம் ஊறிக்கொண்டே இருக்கிற எலும்பில் எப்படி?

உவரிப் பெண்:

அந்தக் கேள்விக்குத்தான் சீனாவில் சிப்பியிடம் போயிருக்கிறார்கள். எங்கள் கடற்கரைப் பாறையில் ஒட்டியிருக்கும் சிப்பியை அலை அசைக்க முடியாது, உளி வைத்துத்தான் பெயர்க்க வேண்டும். அங்கே செஜியாங் மாகாண மருத்துவர் குழு 2025 செப்டம்பரில் 'போன்-02' (Bone-02) என்ற பசையை அறிவித்தது. ரத்தம் நிறைந்த இடத்திலும் இரண்டு மூன்று நிமிடத்தில் பிடிக்கும், ஆறு மாதம் போல உடம்பிலேயே கரைந்துவிடும், 150க்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் சோதித்தோம் என்பது அவர்கள் கணக்கு. கரைகிறது என்றால் கம்பி எடுக்க இரண்டாவது ஆபரேஷன் இல்லை. கூலி வேலைக்குப் போகிறவர்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம்!

திசையன்விளைக்காரர்:

எல்லோருக்கும் நன்றி. அக்கா, ஒன்று கேட்கணும். அப்பாவுக்குச் செருப்பு போட்டால் ஒரு ஸ்க்ரூ தலை உரசுகிறது. எடுத்துவிடலாமா?

ஓய்வுபெற்ற தியேட்டர் நர்ஸ்:

முதலில் எக்ஸ்ரே எடுத்து எலும்பு முழுசாகக் கூடிவிட்டதா என்று ஆபரேஷன் செய்த டாக்டரிடமே கேளுங்கள். கூடியிருந்தால் உரசுகிறதை மட்டும் கழற்ற வழி உண்டு. அதற்கு முன்னால் சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டு வாருங்கள், பீடி குடிப்பவர் என்றால் நிறுத்தச் சொல்லுங்கள். அந்த இடத்துத் தோலை இன்னொரு முறை திறக்கப் போகிறோம், தம்பி.