கத்திரி வெயிலில் சைக்கிள்: ஏற்காடு, தொப்பூர் பக்கம் நீங்கள் பார்த்தது என்ன?

கோரிமேட்டுக்காரன்:
ஏற்காட்டுக்குச் சேலம் வழி, அந்த 20 கொண்டை ஊசி வளைவுகளைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. போன மே மாதம், மணி பதினொன்று தாண்டிவிட்டது. கீழ் வளைவுகளில் முள்ளுக்காடும் பாறையும்தான், நிழல் கிடையாது. எனக்கு முன்னால் ஏறிய பையன் சட்டென்று சைக்கிளை நிறுத்தி, "அண்ணா, குளிருது" என்றான். அவன் கையைப் பார்த்தேன். மயிர் எல்லாம் சிலிர்த்து நின்றது. அந்த வெயிலில்! எந்த ஊர் தம்பி என்று கேட்டால், "செயின் மாட்டியாச்சா" என்கிறான். மேலிருந்து இறங்கி வந்த வேனில் இருந்த அக்கா ஒருவர், யாரிடமும் ஒரு வார்த்தை கேட்காமல் கேன் தண்ணீரை அவன் தலையில் சாய்த்தார். அந்தச் சிலிர்த்த கை இன்னும் என் கண்ணை விட்டுப் போகவில்லை.

ஓமலூர் ரைடர்:
தலையில் ஊற்றியிருக்கக் கூடாது. கொதிக்கிற உடம்பில் சில்லென்று தண்ணீர் பட்டால் ஜன்னி வரும் என்று எங்கள் ஆயா சொல்லும். என் அனுபவம் தொப்பூர் ஏற்றத்தில். லாரிகள் உரசிப் போகும்போது அனல் முகத்தில் அடிக்கிறது. வெறும் தண்ணீராகக் குடித்துக்கொண்டே ஏறினேன். கடைசியில் பாட்டிலை வாயருகே கொண்டுபோனாலே குமட்டல், தலைவலி. ரோட்டோரக் கடையில் உப்புப் போட்ட கம்பங்கூழும் மோர்மிளகாயும் இறங்கிய பிறகுதான் கண் தெளிந்தது.

சூரமங்கலம்:
ஓமலூர் அண்ணா, ஜன்னிப் பேச்சை விடுங்கள், உயிர் போய்விடும். அந்த அக்கா செய்ததுதான் சரி. உடம்புச் சூடு 40 டிகிரி செல்சியஸைத் தாண்டி, பேச்சும் குழம்பினால் அது ஹீட் ஸ்ட்ரோக். முதலில் உடம்பைக் குளிர வைக்க வேண்டும், வண்டியில் ஏற்றுவதெல்லாம் அப்புறம். 108-ஐக் கூப்பிட்டுவிட்டு நிழலுக்கு இழுத்து, உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். ஐஸ் கிடைத்தால் துணியில் சுற்றிக் கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் வையுங்கள். குழம்பிப் பேசுகிறவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், புரையேறும்.

ஏற்றத்தில் ஏன் இப்படி ஆகிறது தெரியுமா? சமதளத்தில் நம் வேகமே காற்றை உண்டாக்கி வியர்வையை உலர்த்திவிடும். மலையில் நடக்கிற வேகத்துக்கு வந்துவிடுகிறோம். உழைப்பு கூடுகிறது, காற்று நின்றுபோகிறது. கூழ் விஷயத்தில் உங்கள் பக்கம்தான் நான். மணிக்கணக்கில் வியர்த்துவிட்டு வெறும் தண்ணீரை மட்டும் நிறையக் குடித்தால் ரத்தத்தில் சோடியம் இறங்கிவிடும். ஓ.ஆர்.எஸ். பொட்டலம் இல்லையா, 1 லிட்டர் தண்ணீரில் 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. வெயிலுக்கு உடம்பு பழக 10 முதல் 14 நாள் ஆகும், கத்திரி தொடங்கியதும் முதல் வாரமே மலை ஏற வேண்டாம்.

என் கதை சின்னது. ஏற்காட்டுக்கு ஏறும் இன்னொரு பாதையான குப்பனூர் வழியில் தார் இளகி டயரில் ஒட்டியது, திரும்பி இறங்கிவிட்டேன்.

ஓமலூர் ரைடர்:
சரி, ஆனால் ஐஸ் தண்ணீர் கூடவா? ஆயா கேட்டால் என்னை அடிக்கும்.

சூரமங்கலம்:
ஐஸ் தண்ணீர் கூடத்தான். ஆயாவிடம் நான் வந்து பேசுகிறேன்.

கோரிமேட்டுக்காரன்:
அந்தப் பையனை அதே வேனில்தான் கீழே கொண்டுபோனார்கள். அஸ்தம்பட்டி வருவதற்குள் தன் பேரைச் சரியாகச் சொல்லிவிட்டான். சூரமங்கலம், குப்பனூர் வழியில் தண்ணீர் நிரப்ப எங்கே நிற்கலாம்? ஞாயிறு விடியற்காலை 5 மணிக்குக் கிளம்பி, வெயில் ஏறும் முன் மேலே போய்விடலாம் என்றிருக்கிறோம்.